சிறைக்குள் நடக்கும் விசாரணைக்கு இலவச சட்ட உதவி: பயன்படுத்திய ஒரு குடும்பத்தின் மதிப்புரை

சிறையில் இருப்பவர்களுக்கு அரசு தரும் இலவச சட்ட உதவிச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். ஜாமீனுக்கும் மேல்முறையீட்டுக்கும் அது எப்படி என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதிகம் பேசப்படாத ஒரு விஷயம். சிறைக்குள்ளேயே ஒரு கைதி மீது குற்றம் சுமத்தி, நிர்வாகமே விசாரித்து, நிர்வாகமே தண்டனையும் கொடுக்கிறதே, அந்த இடத்தில் இந்த உதவி எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது? என் தம்பி விஷயத்தில் நாங்கள் பட்டறிந்ததை வைத்துச் சொல்கிறேன். சேவை நல்லது, கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் அது தானாக வராது. போய்க் கேட்க வேண்டும், கேட்டதை விடாமல் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

தென்மாவட்டம் ஒன்றில் நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே தட்டச்சு நிலையம் வைத்திருக்கிறேன். மனு, பிரமாணப் பத்திரம், வக்காலத்து என்று பிறருடைய வழக்குகளை அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தம்பி ஆயுள் தண்டனைக் கைதி. அவனுடைய வழக்கைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. தண்டனை கொடுத்தது நீதிமன்றம், அதை அவன் அனுபவித்துவருகிறான். நான் பேசுவது அந்தத் தண்டனைக்கு மேல் சிறைக்குள் ஏற்றப்பட்ட இன்னொரு தண்டனையைப் பற்றி.

ஒரு நாள் அவன் பிளாக்கில் சோதனை நடந்தது. கழிப்பறையின் காற்றுப் போக்கியில் ஒரு செல்போனும் சிம் கார்டும் கிடைத்தன. நாற்பது பேருக்கு மேல் புழங்கும் கழிப்பறை அது. நான்கு பேரைத் தனியாக அழைத்துப் போனார்கள், அதில் தம்பியும் ஒருவன். அன்று மாலையே, தனித்தனி அறையில் அடைத்து வைக்கும் செல் பிளாக்குக்கு மாற்றப்பட்டான். ரெமிஷன் நாட்கள், அதாவது நன்னடத்தைக்காகத் தண்டனையில் கழித்துத் தரும் நாட்கள், வெட்டப்பட்டன, கேண்டீன் நிறுத்தப்பட்டது, உறவினர் சந்திப்பும் நிறுத்தப்பட்டது. எதற்கும் ஒரு துண்டுக் காகிதம்கூட அவன் கையில் தரப்படவில்லை. எனக்கு இது தெரிந்ததே வழக்கம்போல் அவனைச் சந்திக்க மனு போட்டுவிட்டுக் காத்திருந்தபோதுதான். என் சீட்டு மட்டும் திரும்பி வந்தது. "அவருக்கு மனு கிடையாது, மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்றார் ஜன்னலில் இருந்த காவலர். காரணம் கேட்டேன். "உள்ளே ஏதோ தண்டனை" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். சிறையில் இருப்பவனே, இன்னும் என்ன தண்டனை என்று என் சொந்தக்காரர்களே கேட்டார்கள். ஆயுள் கைதியின் குடும்பத்துக்கு ரெமிஷன் என்பது நாட்காட்டியில் எண்ணிக் கழிக்கும் நாட்கள். விடுப்பு கேட்டாலும் முன்விடுதலைக்கு விண்ணப்பித்தாலும் முதலில் புரட்டுவது நன்னடத்தைப் பதிவைத்தான். 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டியும், 2021-இல் அண்ணாவின் 113-ஆவது பிறந்தநாளை ஒட்டியும் தமிழக அரசு முன்விடுதலை உத்தரவுகள் போட்டபோது, உள்ளே நடத்தை திருப்தியாக இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. அப்படியென்றால் அந்தப் பதிவேட்டில் ஏறும் ஒரு வரி, ஒரு மனிதன் வெளியே வரும் ஆண்டையே தள்ளிப்போட்டுவிடும். அந்த வரியை எழுதுகிறவர் யார், எதைப் பார்த்து எழுதுகிறார், குற்றம் சுமத்தப்பட்டவனைக் கேட்டாரா? எனக்கு உறக்கம் போனது இந்தக் கேள்வியால்தான்.

சிறைகள் சட்டம் 1894-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அதோடு 1983-ஆம் ஆண்டு சிறை விதிகளும் சேர்ந்து நடக்கின்றன. மத்தியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு எவையெல்லாம் சிறைக் குற்றம் என்று பட்டியல் போடுகிறது. தடை செய்யப்பட்ட பொருளை வைத்திருப்பது அதில் ஒன்று. அதிகாரி மீது வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பதும் ஒன்று, இதைக் கவனியுங்கள். புகார் சொல்ல வாயெடுக்கும் கைதிக்கு அது எப்படி ஒரு பூட்டாக அமையும் என்று விளக்க வேண்டியதில்லை. 46-ஆவது பிரிவு தண்டனைகளின் பட்டியல். கண்காணிப்பாளர் யாரை வேண்டுமானாலும் விசாரித்து, அங்கேயே முடிவுசெய்து, தண்டிக்கலாம். எச்சரிக்கை, ரெமிஷன் இழப்பு, மூன்று மாதம் வரை பிறரிடமிருந்து பிரித்து வைத்தல், பதினான்கு நாள் வரை செல் அடைப்பு என்று அது நீள்கிறது.

அடுத்து 51-ஆவது பிரிவு. இதை நான் என் கையாலேயே தட்டச்சு செய்தேன், அதனால் மனப்பாடம். ஒவ்வொரு தண்டனையையும் தண்டனைப் புத்தகத்தில் பதிய வேண்டும்: கைதியின் பெயர், எண், என்ன குற்றம், என்று செய்தது, முன்பு எத்தனை குற்றங்கள், என்ன தண்டனை. கடுமையான குற்றம் என்றால் அதை நிரூபித்த சாட்சிகளின் பெயர்களையும் எழுத வேண்டும். சாட்சி சொன்னதன் சாரம், கைதியின் எதிர்வாதம், முடிவு, முடிவுக்கான காரணம் ஆகியவற்றை எழுதியே தீர வேண்டும் என்று எப்போது கட்டாயப்படுத்துகிறது தெரியுமா? கசையடி கொடுக்கும்போது மட்டும். 1894-இல் சட்டம் எழுதியவர்கள் முதுகில் அடி விழுந்தால்தான் காரணம் தேவை என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவனுடைய வாழ்நாளில் மாதங்களை வெட்டுவதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இதை முதன்முறையாகப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

இனி சேவைக்கு வருகிறேன். சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் 1987-இன் 12-ஆவது பிரிவின்படி, காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்று யாராவது சொன்னால், கைதிக்கு அது தேவையில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். என்னிடமும் கேட்டார்கள், சொன்னதும் விட்டுவிட்டார்கள். எந்த மாவட்டத்திலும் இந்த ஆணைக்குழுவின் அலுவலகம் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் வழி கேட்கலாம். ஒரு விண்ணப்பப் படிவம், அதற்குக் கட்டணம் இல்லை. தம்பியின் கைதி எண், வழக்கு எண், சிறையின் பெயர், நடந்தது என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். முன்னலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையாகப் படித்துப் பார்த்து, ஒப்புகைச் சீட்டில் முத்திரை வைத்துக் கொடுத்தார். நீதிமன்ற வளாகத்தில் பல ஆண்டுகளாகப் புழங்குகிறவள் நான். கேட்காமலே ஒப்புகை தரும் மேசைகள் எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒதுக்கப்பட்ட வழக்கறிஞரால் ஒன்றும் நடக்கவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, மேல்முறையீடு என்றால் செய்யலாம், பரோல் என்றால் செய்யலாம். இது சிறைக்குள் நிர்வாகம் எடுத்த நடவடிக்கை, இதில் நாம் என்ன செய்ய முடியும்?" என்றார். அவருக்குத் தரப்பட்ட படிவத்திலும் அப்படி ஒரு வகை இல்லை. ஜாமீன், விசாரணை, மேல்முறையீடு என்று கட்டங்கள் இருந்தன; சிறை ஒழுங்கு விசாரணைக்குக் கட்டம் இல்லை. "இதர" என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை என்று நான் சொல்வது இதைத்தான். உதவி தேவைப்படும் இடமாகவே இது கணக்கில் வரவில்லை.

தனியார் வழக்கறிஞர் ஒருவரிடம் விசாரித்தேன். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், நிர்வாகத்தின் நடவடிக்கையை எதிர்த்து ரிட் மனு போடலாம் என்றார். சொன்ன தொகை என் தட்டச்சு நிலையத்தின் பல மாத வருமானம். திரும்பவும் அலுவலகத்துக்கே போய், வழக்கறிஞரை மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தேன். மாற்றித் தந்தார்கள், முகம் சுளிக்கவில்லை. இரண்டாவதாக வந்தவர் சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்துக்கு முறை வைத்துப் போகும் இளம் வழக்கறிஞர். என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். நான் அவரை வக்கீலம்மா என்றேன்.

சிறைக்குள் இருக்கும் மையம் என்பது பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஒரு அறை, ஒரு மேசை, சில நாற்காலிகள், ஒரு பதிவேடு. ஆனால் அங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. தண்டனைக் கைதிகளிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த சிலருக்குப் பயிற்சி கொடுத்து, சட்டம் சார்ந்த தன்னார்வலர்களாக வைத்திருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதித் தருவது அவர்கள்தான். செல் பிளாக்கில் இருந்த தம்பியின் பெயரை அந்தப் பதிவேட்டில் ஏற்றியவரும் அப்படி ஒரு முதியவர். அவர் பெயரை இங்கே எழுதக் கூடாது என்பதால் எழுதவில்லை. அவர் அதைச் செய்திருக்காவிட்டால், வக்கீலம்மா தம்பியைப் பார்க்கவே இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ.

வக்கீலம்மா தம்பியிடம் நான்கு கேள்விகள் மட்டும் கேட்டார். உன் மீது என்ன குற்றம் என்று எழுத்தில் கொடுத்தார்களா? பதில் சொல்ல நேரம் கொடுத்தார்களா? உன் பக்கம் பேச யாரையாவது, எதையாவது கூப்பிடக் கேட்டாயா? முடிவையும் காரணத்தையும் சொன்னார்களா? நான்குக்கும் இல்லை என்பதே பதில். அன்று மாலையே என் கடைக்கு வந்து கடிதத்தை அடிக்கச் சொன்னார். தண்டனைப் புத்தகத்தில் தம்பி பற்றிய பதிவின் நகல், உள்ளே அவனைப் பற்றிய பதிவுகள் ஏறும் ஹிஸ்டரி டிக்கெட்டின் நகல், செல் அடைப்பு எந்த விதியின் கீழ், சந்திப்பை நிறுத்தியது எந்த விதியின் கீழ், அமர்வு நீதிபதிக்குத் தகவல் அனுப்பப்பட்டதா, அனுப்பப்பட்டிருந்தால் என்று. கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. கோபமாக ஒரு சொல்லும் இல்லை.

கூடவே என் பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போட்டோம், பத்து ரூபாய் கட்டணத்தோடு. ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு சொல்வதையும் குறிப்பிட்டோம். 48 மணி நேரத்தில் வரவில்லை. ஆனால் வந்தது.

வந்த ஜெராக்ஸ் தாள்களை என் மேசையில் விரித்து, விளக்கைப் போட்டுப் பார்த்தோம். தண்டனைப் புத்தகத்தில் தம்பியின் பெயருக்கு நேரே "தடை செய்யப்பட்ட பொருள் வைத்திருந்தது. விசாரிக்கப்பட்டது. ஒப்புக்கொண்டார்" என்று இருந்தது. சாட்சிகள் பெயருக்கான கட்டம் காலி. அடுத்த தாள்கள் நான்கு கைதிகளின் வாக்குமூலங்கள். மற்ற மூவரின் பெயரும் எண்ணும் மையால் மறைக்கப்பட்டிருந்தன, வாசகம் அப்படியே இருந்தது. முப்பது ஆண்டுகளாகக் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து அடிக்கும் கண் எனக்கு. நான்கும் ஒரே கையெழுத்து. நான்கிலும் ஒரே வாக்கியங்கள், ஒரே வரிசை. நான்கிலும் "மன்னிக்கும்படி" என்பதற்குப் பதில் "மண்ணிக்கும்படி" என்று மூன்றுசுழி ண போட்டிருந்தது. கடைசியில் நான்கிலும் பெருவிரல் ரேகை. தம்பி பிளஸ் டூ படித்தவன். எனக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் முழுப் பெயரையும் எழுதித்தான் கையெழுத்துப் போடுவான். அந்தக் கடிதங்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. வக்கீலம்மா அவற்றில் மூன்றை எடுத்து மனுவோடு இணைத்தார்.

சிறையில் செல்போன் புழங்குவது விளையாட்டு விஷயம் அல்ல என்பதை நானும் அறிவேன். உள்ளிருந்தே ஆட்களை ஏவுகிறவர்கள் இருக்கிறார்கள், சாட்சிகளை மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சோதனை போட வேண்டும், குற்றம் செய்தவனைத் தண்டிக்கவும் வேண்டும். அதற்காக நால்வருக்கும் சேர்த்து ஒருவரே வாக்குமூலம் எழுதலாமா? அப்படி எழுதினால் போனை உண்மையில் வைத்திருந்தவன் யார் என்று நிர்வாகத்துக்கே கடைசிவரை தெரியாமல் போகும்.

மனுவின் முதுகெலும்பாக வக்கீலம்மா வைத்தது சுனில் பத்ரா வழக்கின் இரண்டாவது தீர்ப்பை. பத்ரா திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதி. பக்கத்தில் இருந்த இன்னொரு கைதியை ஒரு வார்டர் பணம் கேட்டுச் சித்திரவதை செய்ததைப் பற்றி அவர் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்கானது. 1979 டிசம்பரில் தீர்ப்பு எழுதியவர் வி.ஆர்.கிருஷ்ண ஐயர். நீதிபதியாவதற்கு வெகுகாலம் முன்பே, 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத் துறையையும் பார்த்தவர் அவர். உள்ளே என்ன நடக்கும் என்பது அவருக்குக் கோப்புகளில் படித்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அந்தத் தீர்ப்பு சொல்வது இதுதான். தனிக் கொட்டடியோ தண்டனைச் செல்லோ, வேறெந்தத் தண்டனையோ, சலுகை மறுப்போ, தண்டனை விளைவுடைய சிறை மாற்றமோ, எதுவானாலும் அமர்வு நீதிபதியின் பார்வைக்குப் போகாமல் விதிக்கக் கூடாது. அவசரம் என்றால் நடவடிக்கை எடுத்த இரண்டு நாட்களுக்குள் அவருக்குத் தகவல் போக வேண்டும். நிர்வாக நடவடிக்கை என்று பெயர் வைத்துத் தப்பவும் முடியாது. செல்லுக்குள் தள்ளுவது, தேவையான வசதியை மறுப்பது, உறவினர் வந்து பார்க்க முடியாத தூரத்துச் சிறைக்கு மாற்றுவது எல்லாமே விளைவில் தண்டனையாகலாம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. எங்கள் விஷயத்தில் செல் அடைப்பு பதினான்கு நாளைத் தாண்டியபோது, அது தண்டனை அல்ல, பாதுகாப்புக் காரணம் என்று பதில் வந்தது. வக்கீலம்மா தீர்ப்பின் அந்தப் பத்தியை அப்படியே எடுத்துப் போடச் சொன்னார்.

அமெரிக்காவையும் மனுவில் ஒரு பத்தியில் சொன்னார். 1974-இல் நெப்ராஸ்கா சிறைக் கைதிகள் தொடர்ந்த வுல்ஃப் எதிர் மெக்டொனல் வழக்கில், நன்னடத்தை நாட்களைப் பறிக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், பாதுகாப்புக்கு இடையூறு இல்லாதவரை சாட்சியையும் ஆவணத்தையும் கைதி முன்வைக்கலாம், எந்த ஆதாரத்தில் என்ன காரணத்துக்காகத் தண்டனை என்று எழுதித் தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கறிஞர் வைக்கும் உரிமையைத் தரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு சக கைதியோ ஊழியரோ உதவலாம் என்றது. பிறகு அங்கேயே இதைச் சுருக்கியும் விட்டார்கள். 1985-இல் ஏதோ கொஞ்சம் ஆதாரம் இருந்தாலே தண்டனை நிற்கும் என்றார்கள். 1995-இல் ஹவாய் கைதி ஒருவரின் வழக்கில், முப்பது நாள் தனி அடைப்புக்கு இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் வேண்டியதில்லை என்றார்கள். இங்கிலாந்தில் சிறையின் பொறுப்பாளரான ஆளுநரே கூடுதல் நாட்கள் விதித்துவந்தது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போன பிறகு நின்றுபோனது. இன்று அதற்கு வெளியிலிருந்து ஒரு நீதிபதி வர வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தால், அமர்வு நீதிபதியின் பார்வை இல்லாமல் எந்தத் தண்டனையும் வேண்டாம் என்ற நம் 1979 தீர்ப்பு அமெரிக்கர்களுடையதைவிட விரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை அதிக நேரம் நிலைக்கவில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தலைவர் யார்? அந்த மாவட்டத்தின் முதன்மை மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதி. சிறைத் தண்டனைகளைப் பார்க்க வேண்டியவர் என்று உச்ச நீதிமன்றம் யாரைச் சொன்னதோ, இலவச சட்ட உதவியின் தலைவரும் அவரேதான். சிறைக்குள் ஆணைக்குழுவின் மேசை இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, தன்னார்வலர் இருக்கிறார். தண்டனைப் புத்தகத்தில் புதிதாக ஏறும் ஒவ்வொரு பதிவும் வாரம் ஒருமுறை அந்த மேசைக்கு வந்து, அங்கிருந்து நீதிபதியின் மேசைக்குப் போனால் போதும். புதுச் சட்டம் வேண்டாம், புது அலுவலகமும் வேண்டாம். இப்படி ஒரு வழி இருப்பது நான் பேசிய எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஆணைக்குழுவின் செயலாளர் சார்பு நீதிபதி; அவரிடம் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாசித்துவிட்டு, நல்ல யோசனை, தலைவர் பார்வைக்கு வைக்கிறேன் என்றார். வைக்கட்டும்.

மனு இரண்டு இடங்களுக்குப் போனது: சிறைத்துறை டி.ஐ.ஜி.க்கும், முதன்மை மாவட்ட நீதிபதிக்கும். நீதிபதி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் போன பிறகு எல்லாம் வேகம் பிடித்தது. சந்திப்புத் தடை முதலில் நீங்கியது. ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில், ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் குடும்பத் தொடர்பை அடியோடு தடை செய்யக் கூடாது, தேவைப்பட்டால் வரையறுத்த காலத்துக்குக் கட்டுப்படுத்தலாம் என்று இருக்கிறது. அதையும் காட்டியிருந்தோம். பழைய தண்டனை ரத்தாகி, புதிதாக விசாரிக்க உத்தரவானது.

புதிய விசாரணை எப்படி நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முறைப்படி செய்தால் எவ்வளவு எளிது என்பது அதில்தான் தெரிந்தது. குற்றச்சாட்டை முந்தைய நாளே தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை அறைக்குள் வக்கீலம்மாவுக்கு அனுமதி இல்லை. முந்தைய நாள் தம்பியோடு பேச அனுமதித்தார்கள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: நெசவுக்கூடத்தின் வருகைப் பதிவேடு. போன் கிடைத்த பிளாக்குக்கு அவன் மாற்றப்பட்டதே சோதனைக்கு முந்தைய இரவு. மறுநாள் விடிந்ததிலிருந்து தறியில் இருந்தான். சிம் கார்டு பல வாரங்களாகப் பயன்பாட்டில் இருந்தது என்று நிர்வாகத்தின் அறிக்கையே சொன்னது. பதிவேட்டைக் கொண்டுவந்து பார்த்தார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை என்று காரணத்தோடு எழுதி, நகலை அவன் கையில் கொடுத்தார்கள். எல்லாம் ஒரு காலைப் பொழுதுக்குள் முடிந்தது. அந்தப் பதிவேடு முதல் நாளிலிருந்தே அதே சிறையில், அதே அலமாரியில்தான் இருந்திருக்கிறது.

ரெமிஷன் நாட்கள் திரும்ப வந்தன. செல்லில் கழிந்த நாட்கள் வரவில்லை. எங்கள் அம்மாவின் முதல் திதிக்கு அவன் கேட்டிருந்த விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. அதுவும் வரவில்லை. பிண்டம் வைத்தது என் மகன். ஹிஸ்டரி டிக்கெட்டில் பழைய பதிவின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் ரத்து உத்தரவின் எண்ணை எழுதியிருக்கிறார்கள். கோடு போட்டாலும் எழுத்து படிக்கும்படிதான் இருக்கிறது. நாளைக்கு ஓர் அதிகாரி அவசரமாகப் புரட்டினால் எது முதலில் கண்ணில் படும் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

சேவையின் குறைகளை இன்னும் சொல்கிறேன், திருத்திக்கொள்ளட்டும். சிறைக்குப் போகும் வழக்கறிஞர்களுக்குக் கிடைக்கும் மதிப்பூதியம் குறைவு, வருவதும் தாமதம். வக்கீலம்மா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அலுவலகத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டேன். முறை வைத்துப் போகும்போது ஒரே நாளில் நிறையப் பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜாமீன் கேட்பவர்களின் வரிசையில், எனக்கு உள்ளே தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்று சொல்பவன் கடைசியில்தான் நிற்கிறான். செல் பிளாக்கில் இருப்பவனால் அந்த வரிசைக்கு வரவே முடியாது. மையம்தான் அவனிடம் போக வேண்டும், ஆனால் போவதில்லை. பேசும்போது காவலர் காதுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறார். வழக்கறிஞர்களுக்கு ரகசியமாகப் பேசும் வசதி தர வேண்டும் என்பதும் அதே பத்ரா தீர்ப்பில் இருக்கிறது.

நல்லவையும் உண்டு. சேவைக்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஜெராக்ஸும் தகவல் உரிமை மனுவுக்கான பத்து ரூபாயும் தவிர. வழக்கறிஞரை மாற்றக் கேட்டால் மாற்றுகிறார்கள். கடிதம் ஆணைக்குழுவின் முத்திரையோடு போவதால் சிறை அலுவலகம் அதை ஓரமாகப் போட்டுவிட முடிவதில்லை. நான் தனியாக அனுப்பிய இரண்டு பதிவுத் தபால்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. வக்கீலம்மாவைப் போல் பிரச்சினையைப் புரிந்துகொண்ட ஒருவர் கிடைத்துவிட்டால், காசு வாங்கும் வழக்கறிஞரைவிட இந்தச் சேவை மேல் என்றே சொல்வேன். ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். படிவத்தில் சிறை ஒழுங்கு விசாரணைக்கென்று ஒரு கட்டம் சேர்த்தார்கள் என்றால் நான்கு. தண்டனைப் பதிவுகள் வாராவாரம் நீதிபதிக்குப் போகத் தொடங்கினால் ஐந்தும்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது உள்ளே இருந்து, மனுச் சீட்டு திரும்பி வந்துவிட்டது என்றால், அன்றைக்கே மாவட்ட ஆணைக்குழுவுக்குப் போங்கள். நாளை என்று தள்ளாதீர்கள், செல்லில் ஒவ்வொரு நாளும் நீளம். கைதி எண்ணும் சிறையின் பெயரும் போதும். விண்ணப்பத்தில் "இலவச சட்ட உதவி தேவை" என்று மட்டும் எழுதாமல், தண்டனைப் புத்தகப் பதிவின் நகல், ஹிஸ்டரி டிக்கெட் நகல், அமர்வு நீதிபதிக்குத் தகவல் அனுப்பிய தேதி ஆகிய மூன்றையும் பெற்றுத்தரும்படி கேட்டு எழுதுங்கள். உள்ளிருந்து வந்த பழைய கடிதங்கள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள், கையெழுத்துக்கு அவை சான்று. கடிதம் அடிக்க ஆள் இல்லாவிட்டால் கையாலேயே எழுதிக் கொடுங்கள், அதையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஒப்புகைச் சீட்டில் தேதி முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அலுவலகத்தை விட்டுக் கிளம்புங்கள்.